பெருமாள் முகம் திருப்பிய ஊர்: ‘வேண்டாம்’ என்பதும் அருளா?



“எல்லாம் கடவுள் அருள்.” இந்த வார்த்தையை நாம எப்போ சொல்றோம்? வேலை கிடைச்சா சொல்றோம். விசா வந்தா சொல்றோம். ஸ்கேன் ரிப்போர்ட் நார்மல்னு வந்தா சொல்றோம். கேட்டது கிடைக்காம போன அன்னைக்கு மட்டும் வாயில வேற வார்த்தை வருது: விதி, கர்மா, நேரம் சரியில்லை.

இன்னைக்கு எபிசோட்ல நான் பேசப்போறது அந்த இரண்டாவது வகை நாளைப் பற்றி. நாம போட்ட திட்டம் பாதியில நின்னு போச்சு. போற வழியில ஒரு கதவு மூடிடுச்சு. அதுக்குள்ள அருள் இருக்க முடியுமா? இருந்தா அதை எப்படி அடையாளம் கண்டுக்கிறது? அதைவிட முக்கியமா, இல்லாத இடத்துல இருக்குன்னு நம்மை நாமே ஏமாத்திக்காம எப்படி இருக்கிறது?

இதைப் பேசுறதுக்கு ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்திருக்கேன். செஞ்சி. திண்டிவனத்துல இருந்து திருவண்ணாமலை போற வழியில, பாறையைக் கொட்டி வச்ச மாதிரி மலைகள் தெரியுமே, அந்த ஊர். 2025 ஜூலையில யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலில் மராட்டியர் காலத்துக் கோட்டைகள் 12 சேர்ந்தன. 11 மகாராஷ்டிராவில், ஒன்னே ஒன்னு தமிழ்நாட்டில். அந்த ஒன்னு செஞ்சி. அதுக்கப்புறம் வார இறுதியில ராஜகிரி ஏறி ரீல்ஸ் எடுக்கிற கூட்டம் அதிகமாயிருக்கு. நல்ல விஷயம்தான். ஆனா கோட்டைக்குப் பக்கத்துல இருக்கிற ஒரு சின்ன குன்றுக்கு அவங்கள்ல பல பேர் போறதில்லை. நம்ம கதை அங்கேதான் இருக்கு.

ஜெயிச்சவன் பக்கம்தான் சாமியா?

குன்றுக்குப் போறதுக்கு முன்னாடி கோட்டையை ஒரு தடவை பார்த்துடுவோம்.

1677-ல் பீஜப்பூர் சுல்தானோட ஆட்களிடமிருந்து சிவாஜி செஞ்சியைப் பிடிக்கிறார். 1698-ல் நீண்ட முற்றுகைக்குப் பிறகு முகலாயர் படை பிடிக்குது. 1714-ல் ஆற்காடு நவாப் கைக்கு வருது. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள். 1761-ல் ஆங்கிலேயர்கள். கணக்குப் போட்டுப் பாருங்க: 84 வருஷத்துல அஞ்சு கை மாறியிருக்கு.

ஒவ்வொரு தடவையும் ஜெயிச்ச பக்கம் கடவுளுக்கு நன்றி சொல்லியிருக்கும். தோத்த பக்கமும் முந்தின நாள் ராத்திரி வேண்டிக்கிட்டுதான் படுத்திருக்கும். வெற்றிதான் அருளோட அடையாளம்னா, கடவுள் செஞ்சியில கட்சி மாறிக்கிட்டே இருந்தார்னுதான் சொல்லணும்.

அதனால முதல்லயே ஒரு விஷயத்தைத் தெளிவா வச்சுக்குவோம். விளைவை வச்சு அருளை அளக்க முடியாது. ‘கிடைச்சது, அதனால அருள், கிடைக்கலை, அதனால அருள் இல்லை’ங்கிற கணக்கு இந்தக் கோட்டை வாசல்லயே உடைஞ்சு போகுது.

அப்போ வேற எதை வச்சு அளக்கிறது? இப்போ குன்றுக்குப் போகலாம்.

சிங்கவரம்: திரும்பிய முகம்

செஞ்சிக்கு வடக்கே சில கிலோமீட்டர் தூரத்துல சிங்கவரம். பல்லவர் காலத்துக் குடைவரைக் கோயில். நூத்துக்கும் மேல படி ஏறினா, மலையைக் குடைஞ்ச கருவறையில, அதே பாறையில செதுக்கின ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கார். அவர் முகம் ஒரு பக்கமா திரும்பின மாதிரி இருக்கும்.

அது ஏன்னு ஊர்க்காரங்களைக் கேட்டா, தேசிங்கு ராஜா கதையைச் சொல்வாங்க.

தேஜ் சிங் என்பது அவர் பெயர். தமிழ் வாயில தேசிங்கு ஆயிடுச்சு. புந்தேலா ராஜபுத்திரர். அவருடைய அப்பா சொரூப் சிங்கைச் செஞ்சிக் கோட்டைக்குத் தலைவரா நியமிச்சது ஔரங்கசீப். அப்பா இறந்ததும் மகன் வந்து கோட்டைக்கு உரிமை கொண்டாடுறார். ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான், “வரி பாக்கி இருக்கு, கட்டு” என்கிறார். தேசிங்கு மறுக்கிறார். 1714 அக்டோபரில் சண்டை. தேசிங்கு பக்கம் சில நூறு குதிரை வீரர்கள். எதிரே ஆயிரக்கணக்கான படை. தேசிங்குக்கு வயசு 22 என்கிறார்கள். நம்ம கேட்பவர்கள்ல பாதிப் பேரோட வயசு.

சண்டைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி, தான் கும்பிடுற சிங்கவரம் பெருமாள்கிட்ட உத்தரவு கேட்க தேசிங்கு போனாராம். “இன்னைக்கு வேண்டாம்”னு சொல்ற மாதிரி, பெருமாள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாராம். தேசிங்கு அதைப் பார்த்தார். பார்த்துட்டும் கிளம்பிட்டார். அந்தச் சண்டையில் இறந்தார். கூடவே அவருடைய உயிர் நண்பன் மகபத்கானும் இறந்தார். கதைப்பாடல்படி, அவர் தன் கல்யாண வீட்டிலிருந்து எழுந்து நண்பனுக்காகக் களத்துக்கு வந்தவர். தேசிங்கின் இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். ராணிப்பேட்டை என்ற பெயர் அவள் நினைவாக வந்தது என்பது மரபு.

சண்டையும் மரணமும் வரலாறு. முகம் திரும்பியது ஊர் சொல்ற கதை. இரண்டையும் நான் கலக்கலை. ஆனா அந்தக் கதையை மக்கள் எப்படிச் சொல்றாங்கன்னு கவனிங்க. பெருமாள் கோபப்பட்டார்னு சொல்றதில்லை, சாபம் கொடுத்தார்னும் சொல்றதில்லை. “போகாதேன்னு சொன்னார், புள்ள கேக்கல” – இந்தத் தொனியில சொல்றாங்க. வீட்டுல பெரியவங்க பேசுற மாதிரி.

அந்தக் கருவறை முன்னாடி நின்னப்போ எனக்குத் தோணினது இது: முகத்தைத் திருப்புறது மறுப்பு மட்டும்தானா? நமக்குப் பிடிச்சவங்க ஆபத்துல போய் விழறதைப் பார்க்க மனசு வராம நாமளும் முகத்தைத் திருப்பிக்கிறோமே. ஊர்க்காரங்க 300 வருஷமா அந்த முகத்துல பார்க்கிறது கோபத்தை இல்லை, வருத்தத்தை. அந்த ‘வேண்டாம்’ல அக்கறை இருந்திருக்கு.

சரி, அப்படியொரு ‘வேண்டாம்’ நமக்கு வந்தா என்ன பண்றது? தலையாட்டிட்டு வீட்டுக்குப் போயிடணுமா? அதுக்கு விடையா இன்னொரு கதை இருக்கு. இதே விழுப்புரம் மாவட்டத்துல.

திருவெண்ணெய்நல்லூர்: கல்யாணத்தை நிறுத்திய கிழவர்

செஞ்சியிலிருந்து தெற்கே, விழுப்புரத்தையும் தாண்டிப் போனா திருவெண்ணெய்நல்லூர். அங்கே சிவன் கோயிலோட பழைய பெயர் அருட்டுறை. அருள் கிடைக்கிற துறை. சாமி பெயரே கிருபாபுரீஸ்வரர். ‘அருள்’னு பெயர் வச்ச இந்தக் கோயிலோட கதை, ஒரு கல்யாணம் நின்னு போன கதை.

சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்வது இது. திருநாவலூரில் பிறந்த நம்பியாரூரருக்கு, அதாவது சுந்தரருக்கு, புத்தூரில் சடங்கவி சிவாச்சாரியார் மகளோடு கல்யாணம். மாப்பிள்ளை மணப்பந்தலில் உட்கார்ந்தாச்சு. ஒரு கிழவர் கையில் ஓலையோட வந்து நிக்கிறார். “இவன் எனக்கு அடிமை. இவன் தாத்தா எழுதிக் கொடுத்த ஓலை இது” என்கிறார்.

சுந்தரர் சிரிக்கிறார். ‘நீ என்ன பித்தனா?’ என்கிறார். கோபம் ஏறுது. ஓலையைப் பிடுங்கிக் கிழிச்சுப் போடுறார். கிழவர் அசரலை. கிழிச்சது நகல்தானாம்; மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர்ல இருக்காம். “வா, அங்க போய் பேசிக்கலாம்.” கல்யாணம் அப்படியே நிக்குது. கிழவர் முன்னாடி போறார், சுந்தரர் பின்னாடியே போறார்.

திருவெண்ணெய்நல்லூர் சபை மூல ஓலையை வாங்கி, தாத்தாவோட கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து, கிழவர் பக்கம் தீர்ப்புச் சொல்லுது. “சரி, உங்க வீடு எங்கே?”ன்னு கேட்டா, கிழவர் நேரா அருட்டுறைக் கோயிலுக்குள்ள நடந்து போய் மறைஞ்சிடுறார். அப்போதான் வந்தது யாருன்னு புரியுது. என்னைப் பாடுன்னு உத்தரவு வருது. எப்படிப் பாடறதுன்னு தெரியாம திகைச்சு நிக்கிறார் சுந்தரர். என்னைப் பித்தன்னுதானே சொன்னே, அந்தச் சொல்லையே முதலாக வச்சுப் பாடு என்கிறார் இறைவன். தேவாரத்தில் சுந்தரருடைய முதல் பதிகம் அந்தத் திட்டுவார்த்தையில்தான் தொடங்குது.

இந்தப் பகுதிக்குப் பெரியபுராணத்தில் பெயர் ‘தடுத்தாட்கொண்ட புராணம்’. தடுத்து, ஆட்கொண்ட. தமிழில் இப்படி ஒரு சொல் இருக்குங்கிறதே எனக்குப் பெரிய ஆச்சரியம். கொடுத்து ஆட்கொள்றது எல்லாருக்கும் புரியும். தடுத்து ஆட்கொள்றதுக்கும் ஒரு பெயர் வச்சிருக்காங்க நம்ம ஆளுங்க. சைவ மரபுல மறக்கருணைனு இன்னொரு சொல்லும் உண்டு: கடுமை மாதிரி தெரியுற கருணை. சிவனோட ஐந்தொழில்ல படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல்னு வரும். இதுல ‘மறைத்தல்’கூட அருளோட வேலைதான்னு சித்தாந்தம் சொல்லுது. கிறிஸ்தவ நண்பர்கள் கிருபைன்னு சொல்வீங்க, இஸ்லாமிய நண்பர்கள் ரஹ்மத்துன்னு சொல்வீங்க. பெயர் எதுவா இருந்தாலும், நமக்குத் தெரியாம, நம்ம கணக்குல வராம வேலை செய்ற ஒன்னுங்கிறது பொது.

சண்டை போடலாம், கிளம்பிப் போயிடக் கூடாது

இப்போ இரண்டு இளைஞர்களையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

சுந்தரர் பணிவா ஏத்துக்கிட்டாரு, தேசிங்கு ஏத்துக்கலை; இதுதான் வித்தியாசம்னு நினைப்போம். ஆனா கதையை மறுபடி படிங்க. சுந்தரர் பணியவே இல்லை! திட்டினார். ஓலையைக் கிழிச்சார். சபை வரைக்கும் போய் வழக்காடினார். ஒரு விஷயம் மட்டும் செஞ்சார்: தடுத்தவர் பின்னாடியே நடந்து போனார். “ஏன் என்னைத் தடுக்கிறே? ஆதாரம் காட்டு”ன்னு கேட்டுக்கிட்டே போனார். தேசிங்கு முகம் திரும்பினதைப் பார்த்தார், வாதாடலை, “ஏன்?”னு கேட்கலை. குதிரை ஏறிட்டார்.

எதிர்பாராத தடை வர்றப்போ இரண்டு அவசரம் நமக்கு வரும். ஒன்னு, “இதெல்லாம் ஒன்னும் இல்லை”ன்னு மிதிச்சுக்கிட்டுப் போறது. இன்னொன்னு, “எல்லாம் நல்லதுக்குத்தான்”னு உடனே சமாதானமாயிடறது. ரெண்டுலயும் பேச்சு முடிஞ்சு போகுது. சுந்தரர் பேச்சை முடிக்கலை. அருளை அடையாளம் காண்றதுன்னா, என்னைப் பொறுத்தவரை, அந்தப் பேச்சுல தங்கியிருக்கிறது. கோபத்தோட தங்கலாம், கண்ணீரோட தங்கலாம். அவர் திட்டின வார்த்தைகூட வீணாகலை. பாட்டோட முதல் சொல்லா ஆச்சு.

என் வாழ்க்கையிலிருந்து ஒன்னு சொல்றேன். நாலு வருஷம் முன்னாடி ஒரு கம்பெனி எனக்கு ஆஃபர் லெட்டர் கொடுத்து, சேர வேண்டிய தேதிக்குப் பத்து நாள் இருக்கிறப்போ ஒரே மெயில்ல ரத்து பண்ணுச்சு. பெங்களூர்ல வீட்டுக்கு அட்வான்ஸ்கூட கொடுத்தாச்சு. சொந்தக்காரங்க “எல்லாம் நல்லதுக்குத்தான்”னு சொன்னப்போ எரிச்சலா வந்துச்சு. அடுத்த வேலை கிடைக்க ஆறு மாசம் ஆச்சு. அந்த ஆறு மாசமும் சாயங்காலம் அப்பாகூட நடக்கப் போவேன். அதுவரைக்கும் நானும் அவரும் “சாப்பிட்டியா”, “பணம் இருக்கா”ங்கிறதைத் தாண்டிப் பேசினதே இல்லை. அந்த நடையில அவரோட சின்ன வயசு, அவர் விட்டுக்கொடுத்த வேலை, அவருக்குப் பிடிச்ச பழைய பாட்டு எல்லாம் தெரிஞ்சுது. அடுத்த வருஷம் அவர் தவறிட்டார்.

கடவுள்தான் அந்த மெயிலை அனுப்பினார்னு நான் சொல்லமாட்டேன். அனுப்பினது ஒரு நிறுவனம், அது செஞ்சது தப்பு. ஆனா அந்த ஆறு மாசத்து சாயங்காலங்கள் நான் சம்பாதிச்சது இல்லை, திட்டம் போட்டது இல்லை. கொடுக்கப்பட்டது. அதுக்கு என்கிட்ட இருக்கிற ஒரே சொல் அருள்.

எதை அருள்னு சொல்லக் கூடாது

இங்கே ஜாக்கிரதையா இருக்கணும். இரண்டு எச்சரிக்கை.

முதல் எச்சரிக்கை: மனுஷன் போடுற தடைக்கெல்லாம் கடவுள் கையெழுத்து வாங்கக் கூடாது. இதையும் பெரியபுராணமே சொல்லுது. சாதி காரணமா நந்தனார் கோயிலுக்குள்ள போக முடியாம திருப்புன்கூர் வாசல்ல நிக்கிறார். சாமியை மறைச்சுக்கிட்டு நந்தி. அப்போ அருள் என்ன செஞ்சுது? “இந்தத் தடையும் உன் நல்லதுக்கு”ன்னு சொல்லலை. நந்தியை விலகச் சொல்லுச்சு. இன்னைக்கும் அங்கே நந்தி கொஞ்சம் தள்ளித்தான் இருக்கு. யாரோ உங்களுக்கு அநியாயம் பண்ணினா, அந்த இடத்துல அருள் நந்தியை நகர்த்துற வேலையாத்தான் வரும். வீடு கொடுக்க மறுக்கிறவங்க, சம்பளத்தைப் பிடிச்சு வைக்கிறவங்க, வீட்டுக்குள்ள கை ஓங்குறவங்க, இவங்க யாரும் மறக்கருணை இல்லை.

இரண்டாவது எச்சரிக்கை: அடுத்தவங்க வலிக்கு நாம விளக்கம் எழுதக் கூடாது. புத்தூர்ல அந்தக் கல்யாணப் பெண்ணை யோசிச்சுப் பாருங்க. சுந்தரருக்கு அது தடுத்தாட்கொண்ட நாள். அவளுக்கு? அவள் சுந்தரரையே நினைச்சிருந்து சிவலோகம் அடைஞ்சாள்னு சேக்கிழார் சுருக்கமா சொல்லிட்டுப் போயிடறார். அவள் பெயர்கூட நமக்குத் தெரியாது. செஞ்சியில நெருப்புல இறங்கின அந்த இளம்பெண்ணுக்கு யார் போய் “இது அருள்”னு சொல்ல முடியும்? ஒருத்தரோட திருப்பம் இன்னொருத்தரோட இழப்பா இருக்கலாம். அருள்ங்கிற சொல்லை என் வாழ்க்கையைப் பற்றி நான் சொல்லலாம். உங்க இழப்பைப் பற்றி நீங்கதான் சொல்லணும், அதுவும் தோணினா. துக்க வீட்டுல நம்ம வேலை பக்கத்துல உட்கார்றது.

அப்போ எப்படித்தான் அடையாளம் காண்றது?

எனக்கு உதவின மூணு கேள்வியைச் சொல்றேன்.

ஒன்னு: இதுல நான் சம்பாதிக்காம வந்தது எது? இழந்ததோட பட்டியல் நமக்கு மனப்பாடமா இருக்கும். கேட்காம கிடைச்சதைத்தான் தேடி எழுதணும்.

இரண்டு: இந்தத் தடை என்னைக் கசப்பாக்குச்சா, விரிவாக்குச்சா? தன் கல்யாணத்துக்காகக் கத்தின சுந்தரர் பின்னாடி என்ன பண்ணார்னு பாருங்க. திருத்தொண்டத்தொகைனு ஒரு பதிகம் பாடினார். 60 தனி அடியார்கள், 9 தொகையடியார்கள்னு வரிசையா அடுத்தவங்களைச் சொல்லி வணங்குற பாட்டு. வேட்டுவர், குயவர், வண்ணார், மீனவர் எல்லாரும் அதுல இருக்காங்க. அந்தப் பட்டியல்தான் பின்னாடி பெரியபுராணமா வளர்ந்தது. நின்னு போன ஒரு வாழ்க்கை அத்தனை பேருக்கு இடம் கொடுக்குதுன்னா, அங்கே அருள் வேலை செஞ்சிருக்கு.

மூணு: அவசரப்படாம கேட்டேனா? தடை வந்த வாரத்துல விடை கிடைக்காது. சில விஷயம் வருஷக்கணக்கா ஆகும். செஞ்சியிலேயே ஒரு உதாரணம்: 1677-ல் சிவாஜி இவ்வளவு தெற்கே வந்து இந்தக் கோட்டையைப் பிடிச்சப்போ, அது யாருக்கு உதவப்போகுதுன்னு யாருக்கும் தெரியாது. 12 வருஷம் கழிச்சு, 1689-ல், அண்ணன் சாம்பாஜி கொல்லப்பட்டு, துரத்தப்பட்ட இளைய மகன் ராஜாராம் ஒளிஞ்சு ஓடி வந்து சேர்ந்த இடம் இதே செஞ்சி. அப்பா இறந்து 9 வருஷம் ஆச்சு. அவர் விட்டுட்டுப் போன சுவர் மகனைக் காப்பாத்துச்சு.

இந்த வாரம் ஒரு சின்ன வேலை பண்ணுங்க. உங்களைத் தடுத்து நிறுத்தின ஒரு விஷயத்தை எடுத்துக்குங்க. அதை நல்லதுன்னும் சொல்ல வேண்டாம், கெட்டதுன்னும் சொல்ல வேண்டாம். அதுகிட்ட, “உன் மூல ஓலை எங்கே, காட்டு”ன்னு கேளுங்க. கோபமாவே கேளுங்க. கேட்டுக்கிட்டே கொஞ்ச தூரம் கூட நடந்து போய்ப் பாருங்க.

செஞ்சிக்குப் போறவங்க, ராஜகிரி ஏறி இறங்கினதும் சிங்கவரத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. படி ஏற கால் வலிக்கும், தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.